பேரன் தூங்கும் நேரத்தில் ஊரில் திரிகால மணி

அக்கா, குமரி மாவட்டம் கருங்கல்லிலிருந்து கனடாவில் பிராம்டனில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பேரனைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது, நாற்பது வருஷம் காலைப் பூசை தவறாத எனக்கு இங்கே ஒரு செபமாலையை முழுசாகச் சொல்ல முடியவில்லை, கடவுளை விட்டு விலகுகிறேனோ, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் கோட்டாறு பக்கம்தான், 2001-இல் வந்தவள்.

உடனே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்குக் கனடா தரும் சூப்பர் விசாவில் ஒரு தடவை வந்தால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். ஆனால் பேரனோடு உங்களுக்கு அவ்வளவு காலம் கிடையாது. இப்போது அவனுக்கு இரண்டு வயசு. இந்த ஒண்டாரியோ மாகாணத்தில் நாலு வயசு நிறையும் வருஷம் செப்டம்பரிலேயே ஜேகே என்கிற பாலர் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள், முழுநாள் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு சாயங்காலம் இங்கிலீஷோடுதான் வீட்டுக்குள் நுழைவான். உங்கள் மடியில் தமிழ் பேசிக்கொண்டு கிடக்கப்போவது இந்த இரண்டு வருஷம்தான். என் மகள் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை. முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு ஷிப்ட். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் வந்து படுப்பேன். அதனால்தான் பேரன் பிறந்ததும் வேலையை விட்டேன்.

செபமாலை விஷயம். எனக்கும் இதே கதைதான். ஒரு நாள் மூன்றாவது தேவ இரகசியத்தில், அதாவது செபமாலையின் பாதியில், என் பேரன் மாலையைப் பிடித்து இழுத்தான், அறுந்துபோனது. கத்திவிட்டேன். மரியே என்று சொன்ன அதே வாயால் கத்தினேன் என்பது அவன் அழுதபோதுதான் உறைத்தது. அப்புறம் இரண்டு பேரும் தவழ்ந்து சோபாவுக்கு அடியில் பொறுக்கினோம். 59 மணியில் 58 கிடைத்தது. பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலில் கோர்த்து, காணாமல் போன மணியின் இடத்தில் அவன் பாட்டாவின் சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தேன். பொத்தான் வந்தால் அவன் முறை. மரியே என்பதற்குப் பதில் "அருள் நிறைந்த மழையே" என்பான். இரண்டு நாள் திருத்திப் பார்த்தேன், மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊர்க்காரிக்கு அதில் பெரிய பிழை தெரியவில்லை. இப்போது ஏழு வயசு, மரியே என்று சுத்தமாகச் சொல்கிறான். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

ஊரில் பூசையில் நிற்கும்போது மட்டும் நம் மனசு பீடத்திலேயே நின்றதா அக்கா? மீன்காரி வந்துவிட்டுப் போயிருப்பாளோ என்று பாதி நேரம் எனக்கு ஓடும். இங்கே செபமாலையில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டேன். இரண்டையும் கடவுள் ஒரே கணக்கில்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்காக முழுநேர ஆயாவாக ஆகிவிடவும் வேண்டாம். வாரத்தில் ஒரு பூசைக்கு என்னைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தானாகப் புரிந்துகொள்வாள் என்று காத்திருக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலப் பூசை என்றால் அவர்களுக்கும் சுலபம். ஸ்கார்பரோவில் ஆரோக்கிய அன்னை பெயரில் தமிழ்ப் பங்குக் கோயில் இருக்கிறது. தூரம்தான், மாதம் ஒருமுறையாவது போய் வாருங்கள். அங்கே கேட்கும் இலங்கைத் தமிழ் காதுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். மருத்துவ இன்சூரன்ஸ் தாளின் நகலை எப்போதும் பையில் வையுங்கள். டிசம்பர் 3 அன்று மனசு கெட்டுப்போகும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சவேரியார் திருநாளுக்கு நம் மாவட்டமே விடுமுறையில் இருக்கும், இங்கே பனியில் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு நிற்போம்.

இன்னொன்று செய்து பாருங்கள். கோடையில் இங்கே இரவு எட்டரை என்றால் ஊரில் மறுநாள் காலை ஆறு, மூன்று வேளை செபத்துக்குக் கோயிலில் அடிக்கும் திரிகால மணியின் நேரம். பேரனைத் தூங்கப்போடும் நேரமும் அதுதானே. வீட்டில் இருப்பவர்களிடம் போனை ஜன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள். அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு இரண்டு பேருமாகக் கேளுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், அன்றிலிருந்து ஏழரைக்கே கூப்பிட வேண்டும். போன வருஷம் மறந்துபோய் எட்டரைக்குக் கூப்பிட்டேன். மணிக்குப் பதிலாக என் தங்கச்சி தேங்காய் துருவுகிற சத்தம்தான் கேட்டது.