உசிலம்பட்டியில் ஆண்டெனாவுக்குப் பொதிகை வரவில்லை: பதில்

வணக்கம் நண்பரே. மாடி ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்பாவுக்குப் பொதிகை கிடைக்கவில்லை, மாதச் சந்தாவும் கட்ட முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஆண்டெனாவில் பழுது தேடி அலையாதீர்கள். கோபுரத்திலிருந்து நேராக ஆண்டெனாவுக்கு வந்த பழைய தரைவழி ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் தவிர, தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி வைத்தாலும் புள்ளிதான் வரும்.

டிடி ஃப்ரீ டிஷ் மாட்டுங்கள். செயற்கைக்கோள் வழியாகத் தூர்தர்ஷன் இலவசமாகத் தரும், 2004-இல் வந்த சேவை. டிஷ், செட்-டாப் பெட்டி இரண்டுக்கும் ஒருமுறைச் செலவுதான், மாதக் கட்டணம் கிடையாது. அதைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, நல்ல உச்சியில் இருக்கிறது. அந்தத் திசையில் தென்னை மறைக்காத இடமாகப் பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான் வரும்.

பட்டியலில் பொதிகை என்று தேட வேண்டாம். 2024 ஜனவரி முதல் அது டிடி தமிழ். 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய அதே சென்னைத் தொலைக்காட்சிதான். வயலும் வாழ்வும் பார்த்துப் பழகிய மனிதருக்கு அதை மீட்டுத் தர நினைக்கிறீர்களே, மிகவும் நல்ல காரியம்.

வீட்டில் ஏற்கெனவே கேபிள் இருந்தால் முதலில் ஆபரேட்டரிடம் கேளுங்கள். தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டியே ஆக வேண்டும் என்பது 1995 கேபிள் சட்டத்திலேயே இருக்கிறது.