நன்கொடை தருமுன் ஒரு தொண்டு நிறுவனத்தை எடைபோடுவது எப்படி?

கேள்வி: என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் நினைவாக, பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 50,000 ரூபாய் தர நினைக்கிறேன். ஒரு நிறுவனம் '6,000 மாணவர்களைச் சென்றடைந்தோம்' என்று வண்ண ஆண்டறிக்கை அனுப்பியது. இன்னொன்று எங்கள் பக்கத்து ஊரில் மாலை வகுப்பு நடத்தும் சின்ன அமைப்பு. அவர்கள் செலவில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறது. எதை நம்பிக் கொடுப்பது?

பதில்: முதலில் அந்தச் சம்பளக் கவலையை விட்டுவிடுங்கள். மாலை வகுப்புக்கு ஆசிரியர்தான் எல்லாமே. அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. நிர்வாகச் செலவு குறைவு என்பதை மட்டும் வைத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், கணக்கு எழுதவும் பலனை அளக்கவும் ஆள் வைக்காத இடத்துக்கே பணம் அனுப்பும்படி ஆகிவிடும்.

6,000 என்ற எண் அந்த நிறுவனம் செய்த வேலையின் கணக்கு. அதில் எத்தனை பேருக்கு வாசிக்க வந்தது என்பது அதிலிருந்து தெரியாது. சரி, ஜூனில் ஒரு தேர்வு, மார்ச்சில் ஒரு தேர்வு வைத்து, மதிப்பெண் கூடியதைக் காட்டினால்? அதுவும் பாதிப் பதில்தான். இடையில் பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, பள்ளியில் பாடம் நடந்திருக்கிறது, சிலர் டியூஷனும் போயிருப்பார்கள். இந்த வகுப்பே இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு முன்னேறியிருப்பார்கள் என்று தெரிந்தால்தான் வகுப்பின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியும்.

நம் மாநிலத்திலேயே இதற்கு அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, தன்னார்வலர்களை வைத்து அரசு 2021இல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை அவர்கள் மீட்டுவிட்டது தெரிந்தது. அந்த மீட்சியில் இத்திட்டத்தின் பங்கு சுமார் கால்வாசி. அத்தனை பெரிய திட்டத்துக்குக் கால்வாசியே மிக நல்ல பலன் என்பேன். ஆனால் முன்-பின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் முழு மீட்சியும் திட்டத்தின் கணக்கில் ஏறியிருக்கும்.

இதைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்தது. 2005-06 வாக்கில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்ளோ உள்ளிட்ட ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 280 ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தன் வேலையைத் தானே சோதித்துப் பார்த்தது. சில ஊர்களில், பள்ளியைக் கவனிக்க வேண்டிய ஊர்க் கல்விக் குழுவின் உரிமைகளைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். சில ஊர்களில் அதோடு, பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று ஊர்க்காரர்களே சோதிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்னும் சில ஊர்களில் இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வாசிப்பு முகாம் நடத்த வைத்தார்கள். எஞ்சிய ஊர்களில் எதுவும் செய்யவில்லை. கூட்டங்களுக்கு ஆள் வந்தது, பேச்சு நடந்தது; அதனால் பிள்ளைகளின் படிப்பு நகரவில்லை. முகாம் நடந்த ஊர்களில் மட்டும் வாசிப்பு கூடியது. அங்கும் முகாமுக்கு வந்தவர்கள் மிகச் சிறு பகுதியினரே. தங்கள் முயற்சியில் எது பலிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அந்த நேர்மையைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

உங்கள் பக்கத்து ஊர் அமைப்பிடம் குலுக்கல் ஆய்வு கேட்பது நியாயமில்லை. அவர்களிடம் கேட்க எளிய கேள்விகள் உண்டு. பிரதம் பயன்படுத்தும் வாசிப்புச் சோதனையில் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிகள் உண்டு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். ஜூனில் எந்தப் படியில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று கேளுங்கள். இடையில் நின்றுபோனவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் நின்றவர்களை விட்டுவிட்டால் எந்த வகுப்பும் வெற்றிகரமாகத்தான் தெரியும். வகுப்புக்கு வராத, அதே தெருப் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்ற ஒப்பீடு இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், கடந்த மூன்று ஆண்டில் எதைச் செய்து பார்த்துக் கைவிட்டீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்பவரைவிட, இரண்டு விஷயத்தைச் சொல்லிக் காரணமும் சொல்பவரை நான் நம்புவேன். இதே கேள்விகளைப் பெரிய நிறுவனத்துக்கும் எழுதி அனுப்புங்கள்.

பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவும் 80ஜி சான்று போன்ற காகிதங்களையும் பாருங்கள். அவை சட்டப்படி நடக்கிறார்கள் என்பதற்குத்தான் சான்று, பலனுக்கு அல்ல. வரிச் சலுகை வேண்டுமென்றால் பணமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள். புதிய வரி முறையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

வகுப்பை நேரில் போய்ப் பார்க்கச் சொல்வேன், ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் யாரையும் சட்டென்று விடாத அமைப்பு சரியாகவே நடக்கிறது. விழா நாளைத் தவிர்த்து, சாதாரண வார நாளைக் கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் முதல் ஆண்டு 20,000 கொடுத்து, அடுத்த ஜூனில் அதே வாசிப்புப் படிக் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள்.