உண்ணிக்கொக்கு குப்பையா தின்கிறது?

சென்னை பெருங்குடி குப்பைமேட்டில் நிற்கும் வெள்ளைக் கொக்குகள் குப்பையையா தின்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. அவை உண்ணிக்கொக்குகள், அழுகலில் மொய்க்கும் ஈயையும் நெளியும் புழுவையும்தான் பொறுக்குகின்றன. கவனித்துப் பாருங்கள், ஓரடி வைக்கும், கழுத்தை மெல்ல ஆட்டும், அப்புறம் வெடுக்கென்று ஒரு கொத்து. வயலில் மாட்டின் பின்னால் போவதும் இதற்குத்தான், மாடு நடந்தால் வெட்டுக்கிளி எழும்பும். டிராக்டர் உழுதால் இன்னும் கொண்டாட்டம், மண்ணோடு பூச்சியும் தவளையும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். காக்கை, மைனா, கள்ளப்பருந்து எல்லாமே இப்படிக் கிடைத்ததை வைத்துப் பிழைக்கிற ரகம். பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வாழும் நீர்ப்பறவைகளான தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் அந்த வசதி கிடையாது, கோரையும் மிதக்கும் இலையும் இல்லையென்றால் அவையும் இல்லை. அதனால் குப்பைமேட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பறவை வளம் கூடிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அங்கே தலைகள்தான் அதிகம், வகை குறைவு.