ஸ்பானிய பொலிஸ், நீதிமன்றச் சொற்கள்: கேள்வி பதில்

ஸ்பெயினுக்குப் படிக்கவும் வேலைக்கும் போக ஆயத்தமாகும் கொழும்பு வாசகர்களின் கேள்விகளுக்கான பதில்கள்.

வெள்ளவத்தை வாசகர்: முறைப்பாடு என்று தேடினால் மூன்று சொற்கள் வருகின்றன. எதைப் பாவிப்பது?

தெனுன்ஸியா, கெரெய்யா, தெமாந்தா. மூன்றுக்கும் வேலை வேறு. பொலிஸில் போய்ச் சொல்வது தெனுன்ஸியா; அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. நீங்களும் ஒரு தரப்பாக நின்று குற்றவியல் வழக்கைத் தொடங்க விரும்பினால் நீதிமன்றத்தில் கொடுப்பது கெரெய்யா. அதற்குச் சட்டத்தரணியோடு, ப்ரோகுரதோர் எனப்படும் நீதிமன்றப் பிரதிநிதியும் வேண்டும். இந்தப் பதவிக்கு எங்கள் ஊரில் ஈடு கிடையாது. தெமாந்தா கடன், வாடகை, காணி போன்ற சிவில் வழக்கு. பையைப் பறிகொடுத்தவர் பொலிஸில் "தெமாந்தா" என்றால் நீதிமன்றத்துக்குத்தான் கைகாட்டுவார்கள். சொல்லை வினையோடு சேர்த்தே பாடமாக்குங்கள்: "போனெர் ஊனா தெனுன்ஸியா", முறைப்பாடு போடுவது. எழுதி முடிந்ததும் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: களவுக்கு ரோபோவா, உர்தோவா?

உங்களுக்குத் தெரியாமல் பொக்கெட்டில் இருந்து பேர்ஸை உருவினால் உர்தோ. தள்ளி விழுத்தியோ மிரட்டியோ பறித்தால் ரோபோ. கார் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்தாலும் ரோபோதான். பொருள் மீது பலம் பாவித்தாயிற்று. உர்தோவில் பொருளின் பெறுமதி 400 யூரோவைத் தாண்டாவிட்டால் பொதுவாக சிறு குற்றம். ரோபோவில் அந்த எல்லை உதவாது. ஆகவே நடந்ததை அப்படியே சொல்லுங்கள். உர்தோவின் எழுத்தில் முதலில் 'எச்' உண்டு, அதை உச்சரிப்பதில்லை.

தெகிவளை வாசகர்: தடுத்து வைத்தால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஸ்பெயினின் 1978 அரசியலமைப்பின் 17ஆம் உறுப்புரையின்படி, பயங்கரவாத வழக்குகள் தவிர, 72 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் காவலில் வைக்க முடியாது. எங்கள் சாதாரண சட்டத்தின் 24 மணித்தியாலத்தை மனதில் வைத்துப் பதறாதீர்கள். காவலில் இருப்பவர் தெதெனிதோ. மொழிபெயர்ப்பாளர் இலவசம்: "நெஸெஸீதோ உன் இன்தேர்ப்ரெதே". அரசு ஏற்பாடு செய்யும் சட்டத்தரணி அபொகாதோ தே ஒஃபிஸியோ. ஆனால் அவர் எல்லோருக்கும் இலவசம் அல்ல. வருமானம் குறைந்தவர் இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதன் பெயர் ஹுஸ்திஸியா க்ராத்துயிதா. புரியாத தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால்: "நோ ஃபிர்மோ லோ கே நோ என்தியேந்தோ".

புதுக்கடையில் சட்டம் பயிலும் வாசகர்: ஆங்கிலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்ததுதானே?

அங்கேதான் சறுக்கும். சென்தென்ஸியா ஆங்கில 'சென்டென்ஸ்' போலத் தெரிந்தாலும் அது தீர்ப்பு, தண்டனை அல்ல. விடுதலைத் தீர்ப்பும் சென்தென்ஸியாதான். தண்டனைக்கு கொன்தேனா. ஃபிஸ்கால் வழக்குத்தொடுநர், ஆனால் இன்னொரு சொல்லோடு ஒட்டி வந்தால் பெரும்பாலும் வரி சம்பந்தப்பட்டது. மஹிஸ்த்ராதோ எங்கள் நீதவான் அல்ல, நீதிபதிகளில் உயர்ந்த படி. நீதவான் செய்யும் ஆரம்ப விசாரணைக்குக் கிட்டத்தட்ட நிகரானவர் ஹுவேஸ் தே இன்ஸ்த்ருக்ஸியோன். சந்தேகநபரை இம்புதாதோ என்று எழுதிய பழைய புத்தகத்தைப் படித்தால் கவனம்: ஸ்பெயினில் 2015 சீர்திருத்தத்தோடு அது இன்வெஸ்திகாதோ ஆனது. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் இம்புதாதோ இன்னும் வழக்கில் உண்டு.

மட்டக்குளி வாசகர்: எப்படிப் பாடமாக்குவது?

அகரவரிசையில் வேண்டாம். ஒரு வழக்கு நகரும் வரிசையில் எழுதுங்கள்: முறைப்பாடு, கைது, வாக்குமூலம் (தெக்லராஸியோன்), பிணை (ஃபியான்ஸா), விசாரணை (ஹுயிஸியோ), தீர்ப்பு, மேன்முறையீடு (ரெகூர்ஸோ).

பம்பலப்பிட்டி வாசகர்: வீசா விண்ணப்பத்தில் வரும் ஆந்தெஸெதென்தெஸ் பெனாலெஸ் என்ன?

நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்ததற்கான பதிவு. போலிஸியாலெஸ் என்று வந்தால் அது பொலிஸின் சொந்தப் பதிவு. ஸ்பெயினில் கைதாகி விடுதலையானவரின் பெயரும் அதில் நிற்கலாம். அதை நீக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.