மாசி வீதியில் டிரைவர் இல்லாத வண்டி ஓடுமா? வாசகர் கேள்விகள்

மாட்டுத்தாவணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். டிரைவரே வேண்டாம் என்கிற வண்டி வந்துவிட்டால் எங்கள் பிழைப்பு?

அண்ணே, உங்கள் வேலை அவ்வளவு லேசில் மெஷினுக்குப் பிடிபடாது. 2004-ல் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, டிரைவர் இல்லாத வண்டிகளுக்கு மொஹாவி பாலைவனத்தில் ஒரு பந்தயம் வைத்தது. சுமார் 240 கி.மீ. தூரம், ஒரு வண்டிகூட முடிக்கவில்லை, அதிகம் போனதே 12 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவுதான். மறு வருடமே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி என்ற கார் 212 கி.மீ. ஓடி ஜெயித்தது. ஆனால் அது ஆளில்லாத பாலைவனம். கோரிப்பாளையத்தில் ஒருவர் பாதி கை தூக்கினால் அவர் ஆட்டோவைக் கூப்பிடுகிறாரா, ரோட்டைக் கடக்க வழி கேட்கிறாரா என்று நீங்கள் ஒரு நொடியில் புரிந்துகொள்கிறீர்கள் இல்லையா, அடுத்தவர் மனதில் இருப்பதைக் கணிக்கும் அந்த இடத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள்.

மேலூர் பக்கம் மாடு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் ரோட்டில் வரும். அதெல்லாம் காருக்குத் தெரியுமா?

எதைக் காட்டிப் பழக்குகிறோமோ அதுதான் தெரியும். ஐரோப்பிய நகரப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு நம் ஊர் ஆட்டோவே புதுசு. அதனால்தான் ஐஐஐடி ஹைதராபாத் நம் சாலைகளில் எடுத்த 10,000 படங்களை வைத்து ஒரு தரவுத்தொகுப்பு வெளியிட்டது. ஆட்டோவுக்கும் விலங்குக்கும் அதில் தனி வகை உண்டு, எந்த வகையிலும் சேராத வண்டிக்கும் ஒரு வகை உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் நகரும் வைக்கோல்போராகத் தெரியும் உங்கள் டிராக்டர் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும்.

டிரைவர் இல்லாத கார் ரோட்டைப் பார்க்க கேமரா வேண்டுமா, லைடார் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். லைடார் லேசர் ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும், ஆனால் சிக்னல் சிவப்பா பச்சையா என்று கேமராதான் சொல்ல வேண்டும்.

திருமங்கலம், பொறியியல் கடைசி வருடம். கார் வாங்கிப் புராஜெக்ட் செய்ய வசதியில்லை.

தம்பி, கார் எதற்கு? சூமோ என்று ஒரு போக்குவரத்து சிமுலேட்டர், அதாவது சாலைப் போக்குவரத்தைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள், ஜெர்மன் விண்வெளி மையத்தில் உருவானது, இலவசம். உங்கள் ஊர் சிக்னல் ஒன்றைக் காலை எட்டிலிருந்து பத்து வரை மொபைலில் வீடியோ எடுத்து, வண்டிகளை வகைவாரியாக எண்ணி, அதில் ஏற்றுங்கள். ஒரே லேனுக்குள் வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போக விடும் சப்லேன் வசதியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பைக்கெல்லாம் லேனில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், மதுரைப் பக்கம் அப்படி எங்கே நிற்கிறது? அப்புறம் சிக்னல் நேரத்தைக் கணக்கிட 1958-ல் வெப்ஸ்டர் என்ற ஆராய்ச்சியாளர் கொடுத்த சூத்திரப்படி பச்சை நேரத்தை மாற்றி, காத்திருப்பு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். இந்தக் கணக்கில் எல்லா வண்டியையும் காராக மாற்றித்தான் எண்ண வேண்டும்; ஒரு பைக் எத்தனை காருக்குச் சமம் என்ற எண்ணைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்காமல் நீங்களே அளந்தால், அதுவே நல்ல ஆராய்ச்சி. இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஜிபிஎஸ் இருந்தும் பஸ் வரும் நேரம் தப்பாகவே காட்டுவது ஏன்?

பஸ் எங்கே நிற்கிறது என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லும், எப்போது வரும் என்பது தனிக் கணக்கு. சென்னை ஐஐடியில் இதற்காகவே வேலை செய்திருக்கிறார்கள்: அதே தடத்தில் சற்று முன் போன பஸ்கள் ஒவ்வொரு துண்டுச் சாலையையும் கடக்க எவ்வளவு நேரம் எடுத்தன என்று பார்த்து, கால்மன் வடிகட்டி என்ற கணித முறையால் அடுத்த பஸ்ஸின் நேரத்தைத் திருத்திக்கொண்டே வருவது. சாதாரண நாளில் இது நன்றாகவே உதவும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு மட்டும் தடமே மாறிவிடுவதால் முந்தைய பஸ்ஸின் கணக்கு செல்லாது, மாற்றுப்பாதையை டெப்போவில் ஒருவர் உட்கார்ந்து கையால் ஏற்றித்தான் ஆக வேண்டும்.