ஜன்னலுக்குக் கொடுத்த பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு ஹாஸ்பிஸுக்காக, அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் பராமரிக்கும் இல்லத்துக்காக, நிதி திரட்டும் மாலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிய ஒரு நடிகரைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. பழைய நாடகங்களிலிருந்து மூன்று காட்சிகளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம், தன் நண்பர் ஒருவர் அந்த இல்லத்தில் கழித்த கடைசி நாட்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் நன்கொடைப் படிவம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நிரப்பினார்கள். எனக்குக் கை வரவில்லை. பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாகக் கிடப்பவர்களுக்காக என்று சொல்லிவிட்டுக் கைதட்டி ரசிக்கிறோமே, இது சரியா? வாடகை, விளக்கு, மைக் என்று செலவழித்ததை நேராக அந்த இல்லத்துக்கே கொடுத்திருக்கலாம் அல்லவா? அந்த நடிகருக்கும் இதில் பெயர் கிடைக்கத்தானே செய்கிறது? உங்கள் கருத்து வேண்டும்.

ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். ‘அரங்கில் ஒரு சத்தம் இல்லை.’ அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவரை அழைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஹாஸ்பிஸ் என்றதும் பேச்சை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். கைவிடப்பட்டவர்கள் போகிற இடம் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. என் அண்ணனுக்கு நோய் முற்றியபோது நானும் அப்படித்தான் சொன்னேன். மூன்று வாரம் அவர் வலியில் துடித்தபிறகுதான் சம்மதித்தேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அங்கே போன முதல் நாள் இரவு ஒரு செவிலியர், குச்சியின் முனையில் இருந்த சின்னப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, அண்ணனின் உதட்டிலும் நாக்கிலும் ஒற்றினார். அண்ணன் கண் திறக்காமல் கிடந்தார். விழுங்கத் தெம்பில்லை, வாய் காய்ந்து வெடித்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து ஒற்றிவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும், “ஐயா, வாயைக் கொஞ்சம் நனைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். மருந்து, ஸ்கேன், ரிப்போர்ட் என்று நாங்கள் அத்தனை அலைந்தோம். அவர் வாய் காய்ந்திருப்பதை எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

இதைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்தால் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவோம். அந்த நடிகர் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறோம். அவரை நமக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். வாலிபனாக ஓடியதைப் பார்த்தோம், அப்பாவாக அழுததைப் பார்த்தோம், அவருக்கு முடி நரைத்ததும் நம் கண்ணெதிரேதான். அவர் நண்பரின் கட்டிலைப் பற்றிப் பேசும்போது, தனக்கும் அது ரொம்பத் தூரத்தில் இல்லை என்று தெரிந்தே பேசுகிறார். கேட்கிறவர்களுக்கும் அது தெரிகிறது. இளம் நட்சத்திரம் வந்தால் இதைவிடப் பெரிய கூட்டம் வரும், ஆனால் அந்த அமைதி வராது.

சிரிப்பு உங்களை உறுத்தியிருக்கிறது. எனக்கு உறுத்தவில்லை. வலி அடங்கினால் முதலில் தூக்கம் வருகிறது, அப்புறம் பேச்சு வருகிறது, அப்புறம் கேலி வருகிறது. மூன்றாம் நாள் அண்ணன் கண் விழித்து, என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து, “இன்னும் இதை மாற்றலையா நீ?” என்றார். நாங்கள் சிரித்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆகவே அந்த இல்லத்தின் பெயரால் ஒரு மாலை சிரித்தது அங்கே இருப்பவர்களுக்கு அவமரியாதை ஆகாது. நோயாளியின் கட்டில் அருகே நின்று பிரபலங்கள் படம் எடுத்துக்கொள்வதுதான் எனக்கு ஒப்பாது. இவர் அதைச் செய்யவில்லை. தன் நண்பரைப் பற்றி மட்டும், அதுவும் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுப் பேசியிருந்தால், அவர் செய்தது முழுக்கச் சரி. பெயர் கிடைத்தால் கிடைக்கட்டும். எண்பது வயதுக்குமேல் ஒத்திகை பார்த்து, அவ்வளவு நேரம் விளக்கு வெளிச்சத்தில் உட்காருவது உடம்புக்குச் சுலபமில்லை.

செலவு பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி, அதை விடாதீர்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு நிகழ்ச்சிக்கே போனது என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் தயங்காமல் சொல்வார்கள். ஆனால் நேராகக் கொடுத்திருக்கலாமே என்பதை நான் ஏற்கவில்லை. அன்று அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த மாலை இல்லாமல் அந்த இல்லத்தின் பெயரையே கேட்டிருப்பார்கள்?

நவீன ஹாஸ்பிஸ் தொடங்கியதே ஒரு நன்கொடையில்தான். 1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூத அகதி புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். நாற்பது வயது, சொல்லிக்கொள்ளச் சொந்தமில்லை. செவிலியராக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணிக்கு மாறியிருந்த சிசிலி சாண்டர்ஸ் அவரைப் போய்ப் பார்ப்பார். இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஓர் இல்லம் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். டாஸ்மா இறக்கும்போது, அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி, 500 பவுண்டு விட்டுச் சென்றார். அப்போது கட்டடமும் இல்லை, இடமும் இல்லை. சாண்டர்ஸ் அதன்பிறகு மருத்துவம் படித்து, 1957இல் டாக்டராகி, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். பத்தொன்பது வருடம் ஆயிற்று. டாஸ்மாவின் ஜன்னல் அங்கே இருக்கிறது. வலி வந்து நோயாளி கெஞ்சியபிறகு மருந்து கொடுப்பது என்ற வழக்கத்தை மாற்றி, வலி திரும்பும் முன்பே நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். என் அண்ணனை மூன்றாம் நாள் பேச வைத்ததும் அதே முறைதான்.

மார்ஃபின் அப்படியொன்றும் விலை கூடிய மருந்து அல்ல. பணம் பெரும்பாலும் ஆட்களுக்குத்தான் போகிறது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க, வாயை நனைக்க, நள்ளிரவில் வீட்டுக்குப் போன் போட்டு, “இப்போது வந்தால் நல்லது” என்று சொல்ல ஆள் வேண்டும். படுக்கை கிடைக்காதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். இந்த இயக்கம் பிறந்த பிரிட்டனிலேயே, பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அரசு கொடுக்கிறது. மீதி பெரும்பாலும் பொதுமக்களிடமிருந்து வர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்த நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது. கிடைப்பது அவர்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கு.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் எனக்கு ஒரே ஒரு கவலைதான். அன்று இரவு மனம் இளகிக் கொடுக்கிறோம், அடுத்த மாதம் மறந்துவிடுகிறோம். இரவுப் பணிச் செவிலியருக்குச் சம்பளம் எல்லா மாதமும் கொடுக்க வேண்டும். அந்த நடிகர் இன்னொரு முறை மேடை ஏறும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது.

உங்கள் பையில் இருக்கிற படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘மாதாமாதம்’ என்று ஒரு கட்டம் இருக்கக்கூடும். இருந்தால், சிறு தொகையானாலும் அதில் எழுதுங்கள். எழுதும் முன் ஒரு பகல் நேரத்தில் அந்த இல்லத்துக்கே போய் வாருங்கள். முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், பார்வையாளர் நேரம் சொல்வார்கள். போய் வந்தபிறகும் கை வரவில்லை என்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்