கள்ளு, பவுடர், வேப்: மூன்று தலைமுறைக்கும் ஒரே ஏணியா?

கேள்வி: தோட்டத்தில் பால் வெட்டிய என் தகப்பனார் கள்ளு குடிப்பார், சில நாள்களில் சம்சு என்ற மலிவுச் சாராயமும் உண்டு. அதற்கு மேல் எதையும் அவர் தொட்டதில்லை. 1980-களில் வளர்ந்த என் அண்ணன் சிகரெட், கஞ்சா, கடைசியில் ஹெராயின் பவுடர் என்று போய் வாழ்க்கையைத் தொலைத்தார். இப்போது நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகனின் புத்தகப்பையில் வேப் (மின்சிகரெட்) இருந்தது. “இன்று வேப், நாளை கஞ்சா, அப்புறம் சியாபு (மெத்தம்பெட்டமின்)” என்கிறார்கள் உறவினர்கள். மாமன் போன வழியில்தான் இவனும் போவானா?
– ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: அம்மா, தங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அண்ணன் சென்ற வழியை மகனுக்கு அப்படியே பொருத்திப் பார்த்தால், தாங்கள் காவல் நிற்கும் இடம் தவறிவிடும்.

உறவினர்கள் சொல்லும் அந்த ஏணிக்கு ஆய்வுலகில் ஒரு வரலாறு உண்டு. பீர், வைனில் தொடங்கும் இளைஞர்கள் சிகரெட்டுக்கோ கடும் மதுவுக்கோ சென்று, அவர்களில் சிலர் கஞ்சாவையும், இன்னும் சிலர் அதற்கு மேற்பட்டவற்றையும் தொடுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் காண்டல் 1975-இல் எழுதினார். ஒன்றன்பின் ஒன்றாக வருவதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2001-இல் ஆண்ட்ரூ கோலப், புரூஸ் ஜான்சன் ஆகிய இருவரும் அமெரிக்கர்களைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டாம் உலகப் போருக்கு முன் பிறந்தவர்கள் மதுவையும் புகையிலையையும் தாண்டிச் சென்றது மிக அரிது என்பதும், 1960-ஐ ஒட்டிப் பிறந்தவர்களிடம் அந்த நகர்வு உச்சத்தைத் தொட்டு, 1970-களின் தொடக்கத்தில் பிறந்தவர்களிடம் மீண்டும் குறைந்தது என்பதும் தெரியவந்தன. பொருள்களின் இயல்பு மட்டுமே ஒருவரை அடுத்த படிக்குத் தள்ளுமானால், பிறந்த ஆண்டைப் பொறுத்து இவ்வளவு வேறுபாடு வந்திருக்காது. கஞ்சாப் புழக்கம் குறைந்த ஜப்பானில், கஞ்சாவைத் தொடாமலே வேறு போதைப்பொருளுக்குச் சென்றவர்கள் கூடுதலாக இருந்ததை 17 நாடுகளை ஒப்பிட்ட 2010-ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது.

தங்கள் வீட்டையே பாருங்கள். தகப்பனாருக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடைதான் எட்டிய தூரம். வேலை முடிந்து வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, புளித்துப் போகுமுன் குடித்துவிட்டு எழுந்த கூட்டத்தில் பவுடர் விற்க ஆள் வரவில்லை. (கள்ளும் சம்சுவும் எத்தனை குடும்பங்களைக் குலைத்தன என்பதை அதற்காக நாம் மறைக்க வேண்டியதில்லை.) அண்ணன் வளர்ந்த காலமோ, 1983-இல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என்று அறிவிக்கும் அளவுக்கு ஹெராயின் பெருகியிருந்த காலம். அவருக்குக் கிடைத்த கூட்டாளிகளும் தெருவும் அந்த ஏணியை அவர்முன் நிறுத்தின. இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் சியாபு பிடித்துக்கொண்டுவிட்டது. ஹெராயினுக்கு 2005 முதல் இந்நாட்டில் மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சை உண்டு. சியாபுக்கு அதைப் போன்ற மாற்று மருந்து இன்றுவரை இல்லை.

மகன் விஷயத்தில் நான் அஞ்சுவது வேறொன்று. முன்பு சிகரெட் ஒரு படி, கஞ்சா வேறொரு படி; இடையில் ஆண்டுகள் கழிந்தன, பெற்றோர் வாடையை வைத்தே கண்டுபிடித்தார்கள். வேப்பில் அந்த இடைவெளியே இல்லாமல் போகலாம். பழ வாசனை வீசும் அதே கருவிக்குள் நிக்கோட்டினும் இருக்கலாம், செயற்கைக் கஞ்சா வகை இரசாயனமும் இருக்கலாம். அப்படிக் கலந்த திரவங்களை நம் காவல்துறை பிடித்திருக்கிறது. கஞ்சாவுக்கான சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் இவ்வகை பெரும்பாலும் சிக்காது. ஆகவே மருந்தகத்தில் வாங்கிய சோதனைப் பட்டை ‘இல்லை’ என்று காட்டுவதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

“மாமன் மாதிரி ஆகிவிடுவாய்” என்று தொடங்காமல், திரவத்தை யாரிடம் வாங்கினான், முத்திரையுள்ள பெட்டியில் வந்ததா, நண்பன் நிரப்பிக் கொடுத்ததா என்று கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்கு வேப் விற்பதே குற்றம் என்பதால், அவனுக்கு விற்றவர் எப்படியும் சட்டத்தை மீறியவர்தான். இழுத்தபின் தள்ளாட்டம், பிதற்றல், வலிப்பு, நெஞ்சு படபடப்பு என்று எதையேனும் கண்டால், கருவியோடு அவனை நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறும் நிக்கோட்டின்தான் என்றால், அரசாங்கக் கிளினிக்கில் நடக்கும் புகைநிறுத்த ஆலோசனை போதும்.